பெயின்ட் பிடித்து நிறுத்திய மேடை

போன மாதம் வேங்கிக்காலிலிருந்து ஒரு இன்ஜினீயர் என் வீட்டுக்கு வந்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், அதனால் உட்காரச் சொன்னேன். செல்போனில் ஒரு படம் காட்டினார். செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி, அதன் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரமேடை. மேடையைத் தாங்கும் மரக்கால்களில் இரண்டு, தரையைத் தொடும் இடத்தில் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கால்களுக்கு நடுவே கொடி கட்டி யாரோ படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள்.

"மேஸ்திரி, இதுமேல தகடு சுத்தி உள்ள கெமிக்கல் ஊத்திட்டா பத்து வருஷம் தாங்கும்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரோடு கதவோரமே நின்றுவிட்டாள். அழுகின காலுக்குச் சட்டை தைத்துப் போடு என்று எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். பாவம், அவர் தப்பு செய்ய வரவில்லை, கேட்கத்தான் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதெல்லாம் எழுதி வைங்க மேஸ்திரி, எங்களுக்கு யாரும் சொல்றதில்ல" என்றார். அதனால் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. கோபம் இருக்கிற இடத்தில் கோபமாகத்தான் இருக்கும்.

என் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்து ரம்பம் பிடித்தது, இழைப்புளி தள்ளியது, திட்டு வாங்கியது எல்லாவற்றையும் நாலு வருஷம் என்று சொல்லி முடித்துவிடலாம். அங்கே கற்றதில் கடைசி வரை உதவியது ஒன்றுதான். மரத்தைக் கண்ணால் பார்த்து நம்பாதே, தட்டிப் பார். அதன்பிறகு இருபது வருஷம் கதவு, ஜன்னல், கூரை வேலை. கடைசிப் பதினோரு வருஷம் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் பராமரிப்பு மேஸ்திரியாக இருந்தேன். விடுதியின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த விடுதிக்குப் பெருமையே அதன் மரமேடைதான். டெக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பின்பக்கம் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஒரு சின்ன ஓடை. தரை அந்தப் பக்கம் சரிந்து போகும். அதனால் மேடை, கட்டடத்தை ஒட்டிய தெற்குப் பக்கம் இடுப்பு உயரமும், ஓடையை ஒட்டிய வடக்குப் பக்கம் எட்டடி உயரமுமாக நின்றது. வரிசைக்கு நாலு வீதம் மூன்று வரிசையில் பன்னிரண்டு கால்கள். மேலே ஏறி வடக்கு மூலையில் நின்றால் மலை மொத்தமும் தெரியும். காலையில் வெள்ளைக்காரர்கள் அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று கண்ணைத் திறந்துகொண்டு நிற்பார்கள்.

கட்டினவன் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். குழி தோண்டி, மரக்காலை உள்ளே நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் கொட்டிவிட்டான். பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் மரம் கோடையில் கொஞ்சம் சுருங்கும். அப்போது மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு விழும். மழைத் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கும். இறங்கின தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. கிண்ணத்தில் பஜ்ஜியைப் போட்டு டீ ஊற்றி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும்.

அடுத்த தப்பு நாங்கள் செய்தது. எங்கள் ஊரில் தீபம் வருகிறது என்றால் சுவர், கல், மரம் என்று எதுவும் சும்மா நிற்காது. எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் காவிப் பட்டை. அந்தப் பன்னிரண்டு கால்களுக்கும் அடியிலிருந்து இரண்டடி உயரம்வரை காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிப்போம். சுண்ணாம்பும் செம்மண்ணும் அடித்திருந்தால்கூட மரம் மூச்சு விட்டிருக்கும். மழையில் கரைகிறது என்று எனாமல் பெயின்ட் வாங்கிக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தோம். எட்டு வருஷத்தில் அது ஒரு தகடு மாதிரி ஆகிவிட்டது. ஈரம் உள்ளே, பளபளப்பு வெளியே.

என் மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முரளி சார். அவர் கத்தவே மாட்டார். பதினோரு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மோட்டார் எரிந்தாலும், ஓடு உடைந்தாலும், தேனீ கூடு கட்டினாலும் ஒரே பதில்தான். "பார்த்துக்கலாம் ஏழுமலை." சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார், ஒன்று பச்சை மை. நாங்கள் புகார் நோட்டில் எழுதினால் பக்கத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். செய் என்று எழுத மாட்டார். வேண்டாம் என்றும் எழுத மாட்டார். பின்னால் ஏதாவது ஆகிவிட்டால், அவர் பார்த்துவிட்டார், செய்யாமல் விட்டது நாங்கள். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வருஷம் ஆனது. கத்துகிற மேலாளரிடம் திருப்பிக் கத்தலாம். இவரிடம் பேசுவது தலையணையைக் குத்துகிற மாதிரிதான். டெக் மேலே அவர் தினமும் நடப்பார். ஒரு நாளும் குனிந்து அதன் அடியில் பார்த்ததில்லை. பேன்ட்டில் மண் ஒட்டும் அல்லவா.

என்னோடு வேலை பார்த்தவள் பச்சையம்மா. எங்கள் ஊர்ப் பக்கம்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவள். துப்புரவு வேலைக்கு என்று எடுத்தார்கள். பிறகு பெயின்ட் அடிப்பது, பலகை பிடிப்பது, ரசமட்டம் பார்ப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

நான் வேலையை விட்ட வருஷத்து ஆயுத பூஜை. ரம்பம், உளி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, வழக்கம்போல டெக்கின் கால்களுக்கும் வைக்கப் போனேன். வெள்ளைப் பட்டையில் வைத்தால் எடுப்பாகத் தெரியும் என்று குனிந்து, வடக்கு மூலைக் காலில் சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. பெயின்ட் கிழியக்கூட இல்லை, மெத்தை மாதிரி அமுங்கியது. பொட்டு வைத்த கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

பூஜை முடிந்த மறுநாள் பன்னிரண்டையும் சோதித்தேன். சோதிப்பது சுலபம், இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். சுத்தியலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல மரம் டங் என்று சொல்லும். அழுகினது பொத் என்று சொல்லும். சத்தம் மாறுகிற இடத்தில் திருப்புளியை வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கால் இஞ்சுக்கு மேல் இறங்கினால் சந்தேகம். சந்தேகம் இருந்தால் சின்னத் துளை போட்டு வருகிற தூளைப் பார்க்க வேண்டும். காய்ந்து மஞ்சளாக வந்தால் பிழைத்தது. கறுப்பாகச் சகதி மாதிரி வந்தால் அந்தக் கால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கால்கள் இல்லை. வடக்கு மூலைக் காலில் திருப்புளி பிடி வரைக்கும் இறங்கியது.

புகார் நோட்டில் எழுதினேன். 'பார்த்தேன்' என்று பச்சை மையில் வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். மேலே நன்றாகத்தானே இருக்கிறது, நேற்றுக்கூட முப்பது பேர் உட்கார்ந்தார்களே என்றார். மறுபடி எழுதினேன். மறுபடி 'பார்த்தேன்'. இப்படியே நாலு வாரம் போனது. கடைசியில் அழுகல் சகதியை ஒரு டிபன் மூடியில் அள்ளிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன். மூக்கைச் சுளித்துவிட்டு, சரி, ஆரம்பியுங்கள் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. கட்டடத்தை ஒட்டிய பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வடக்குப் பக்கம் விருந்தினர் பார்க்கிற இடம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். எது மோசமோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பார்த்துக்கலாம் ஏழுமலை."

அழுகின காலை எப்படி மாற்றுவது என்று இன்ஜினீயர் கேட்டதால் விவரமாகச் சொல்கிறேன். காலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி, மண்ணில் கனமான பலகை போட்டு அதன் மேல் ஸ்க்ரூ ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கிக்கு மேல் சவுக்குக் கட்டை, கட்டைக்கு மேல் குறுக்கு விட்டம். இரண்டு ஜாக்கியையும் மாற்றி மாற்றிக் கால்வாசிச் சுற்று மட்டும் திருக வேண்டும். ஒருவர் திருகும்போது இன்னொருவர் காலின் தலையில் கண் வைத்திருக்க வேண்டும். பச்சையம்மாவுக்கு அந்த வேலைதான். காலுக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழைகிற அளவு இடைவெளி வந்ததும் "போதுங்ணா" என்பாள். அதற்கு மேல் ஒரு நூல்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினால் பக்கத்துக் கால்களின் பூட்டுகள் விட்டுவிடும். பலசாலி என்று காட்டிக்கொள்கிறவன் இங்கேதான் மேடையைக் கெடுப்பான்.

பிறகு காலை அறுத்து எடுத்து, பழைய கான்கிரீட்டை உடைத்து, இரண்டடிக் குழி தோண்டி, புதுக் கான்கிரீட் போட வேண்டும். இந்தத் தடவை அது தரைக்கு மேல் அரையடி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உச்சியில் தண்ணீர் வழிந்தோட நாலு பக்கமும் சரிவு வேண்டும். அதில் இரும்புச் செருப்பு ஒன்றைப் பதிக்க வேண்டும். புதுக்கால் அந்தச் செருப்பில்தான் நிற்கும், கான்கிரீட்டைத் தொடவே தொடாது. அடியில் ஒரு இஞ்ச் காற்று போகும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாள் விட்ட பிறகு காலை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, போல்ட் முடுக்கி, ஜாக்கியை அவசரப்படாமல் இறக்க வேண்டும். இதில் எந்த இடத்திலும் பெயின்ட் என்ற வார்த்தை வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படிப் பின்வரிசையில் இரண்டு, நடுவரிசையில் ஒன்று, மூன்று கால்களை மாற்றி முடித்தோம். வடக்குப் பக்கம் இரண்டு மிச்சம். மூலைக்காலும் அதற்குப் பக்கத்துக் காலும். மறுநாள் குழி தோண்டலாம் என்று கடப்பாரையை எடுத்து வைத்தேன். சாயங்காலம் முரளி சார் வந்து, நாளைக் காலை கோயிலில் கொடியேற்றம், அதனால் ஓனரம்மா தோண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். விடுதியின் முதலாளியம்மா வேங்கிக்காலில் இருக்கிறார். கொடியேறினால் தீபம் முடிகிறவரை தன் இடத்தில் யாரும் மண்ணில் கடப்பாரை போடக் கூடாது என்பது அவர் மாமியார் காலத்துப் பழக்கம். பத்து நாள். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவர் நம்பிக்கை. மேடை எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலு வாரம் பச்சை மையில் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

தோண்டத்தானே கூடாது, முட்டுக் கொடுக்கலாம் அல்லவா. இரண்டு கால்களுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக நாலு ஜாக்கியையும் நிறுத்தி, சவுக்குக் கட்டை வைத்துப் பாரத்தை அவற்றின் மேல் மாற்றினேன். சிவப்புத் துணி கட்டினேன். இதைத் தொடாதீர்கள், பத்து நாளும் இதுதான் கால் என்று முரளி சாரிடமும் தோட்டக்காரரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். முரளி சார் தலையாட்டினார்.

தீபத்தன்று எங்களுக்கு மதியம் மூன்று மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வண்டியெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் நீந்தி வந்து சேர்ந்தேன். டெக்கின் அடியில் சிவப்புத் துணி இல்லை. ஜாக்கி இல்லை. கட்டை இல்லை. இரண்டு கால்களும் புதுக் காவி, புது வெள்ளை, மேலே சீரியல் பல்ப் சுற்றி மணப்பெண் மாதிரி நின்றன.

தோட்டக்காரரைப் பிடித்துக் கேட்டேன். படம் எடுத்தால் அசிங்கமாகத் தெரிகிறது என்று சார் கழற்றச் சொன்னாராம். ஜாக்கிகள் காலையிலேயே ஆட்டோவில் ஓனரம்மாவின் வீட்டு ஷெட்டுக்குப் போய்விட்டன. இனி ராத்திரி வரை ஒரு வண்டியும் ஊருக்குள் வராது. சரி, சவுக்குக் கட்டையாவது இருந்தால் ஆப்பு அடித்து நிறுத்தலாம் என்று தேடினேன். அதை அறுத்து வாசலில் அன்னதானப் பந்தலுக்கு நட்டிருந்தார்கள். அந்தப் பந்தலின் கீழே நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்க முடியுமா?

முரளி சாரைத் தேடிப் போனேன். வரவேற்பறையில் யாருக்கோ மாலை போட்டுக்கொண்டிருந்தார். டெக் மேலே நாற்பது பேருக்கு இடம் சொல்லியாகிவிட்டது, ஒரு மணி நேர விஷயம்தானே என்றார். வடக்குப் பக்கம் கயிறாவது கட்டுகிறேன் என்றேன். மலை தெரிவதே அந்தப் பக்கம்தானே என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வந்து பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன். டெக்குக்கு ஏற ஒரே ஒரு மரப்படிதான், வடக்குப் பக்கம் தோட்டத்திலிருந்து ஏறும். தெற்கே கட்டடத்துப் பக்கம் இரும்புக் கதவு, அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். படியை மேடையோடு பிடித்திருந்தது எட்டு போல்ட். எட்டையும் கழற்றினேன். ஏழாவது கழலும்போது தோட்டக்காரர் வந்து படியின் அடியைப் பிடித்தார். இரண்டு பேருமாக அதைப் புல்லில் படுக்க வைத்தோம்.

ஐந்தரைக்கு எல்லோரும் வந்தார்கள். விருந்தினர், ஓனரம்மா, அவர் வீட்டு ஆட்கள், முன்னால் முரளி சார். படி புல்லில் கிடப்பதைப் பார்த்தார். அப்போதும் குரல் உயரவில்லை.

"என்ன ஏழுமலை இது? மாட்டுங்க. டைம் ஆவுது."

"மாட்டறேன் சார். அதுக்கு முன்னாடி ஏணி வெச்சுத் தர்றேன். நீங்க ஒருத்தர் மட்டும் மேல ஏறி அந்த மூலையில கம்பியப் புடிச்சினு பத்து நிமிஷம் நில்லுங்க. அப்புறம் எல்லாரையும் ஏத்தறேன்."

ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது. முரளி சார் ஏணியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். பதினோரு வருஷமும் அவருக்கு எல்லாம் தெரியும். ஓனரம்மா அவர் பக்கம் திரும்பி, "ஏன், என்ன ஆச்சு அந்த மூலைக்கு?" என்று கேட்டார். முரளி சார் சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார். அதைப் பார்த்துவிட்டு ஓனரம்மா, எல்லோரும் தோட்டத்திலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி நாற்காலிகளைப் புல்லுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

கூட்டம் நகர்ந்தபோது முரளி சார் என் பக்கத்தில் வந்தார். "எட்டு வருஷமா அந்தக் காலுக்கு பெயின்ட் அடிச்சது யாரு ஏழுமலை? நானா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அடுத்தவன் பூசி மெழுகுவதைத் திட்டிவிட்டு நான் பூசி மெழுகக் கூடாது. அதற்கு மூன்று வருஷம் முன்பு அதே மூலைக்காலுக்குப் பட்டை அடிக்கும்போது பச்சையம்மா பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, கால் மெத்தென்று இருக்கிறதே அண்ணா என்று கேட்டாள். எனக்கு அன்று இன்னும் நாலு அறைக்கு ஜன்னல் வேலை இருந்தது. மழை ஈரம்தான், காய்ந்தால் சரியாகிவிடும், அடி என்றேன். தட்டிப் பார் என்று பட்டறையில் கற்றுக்கொண்டவன் தட்டிப் பார்க்கவில்லை. அவள் அடித்தாள்.

அந்த மேடை விழுந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். தீபத்துக்கு மறுநாளே என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடுதிச் சொத்தைச் சேதப்படுத்தினேன் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்'. மூன்றாம் நாள் தோட்டக்காரர் சீரியல் பல்ப்பை அவிழ்க்க வயரை இழுத்திருக்கிறார். மூலைக்காலின் அடி வயரோடு வெளியே வந்துவிட்டது. மேடையின் அந்த மூலை ஒரு முழம் இறங்கி, பக்கத்துக் காலையும் முறித்துக்கொண்டு நின்றது. அவர் நாலடி தள்ளி நின்று இழுத்ததால் பிழைத்தார். மேலே ஒரு ஆள் பாரம்கூட இல்லாதபோது நடந்தது இது. அதன்பிறகு ஓனரம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

எல்லோரும் என்னைச் சரியாகச் செய்தாய் என்று பாராட்டினார்கள். நாற்பது பேரைக் காப்பாற்றினவன் என்று என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கேட்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் அந்தத் தீபத்தன்று ஆறு மணிக்கு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முரளி சார் போன பிறகு நான் கழற்றின படிமேல் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. மலை உச்சியில் தீபம் எரிந்தது. ஊர் மொத்தமும் அரோகரா என்று எழுந்தது. தோட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். டெக்கின் அடியில், இருட்டில், பின்வரிசையில் ஒரு அகல் விளக்கு எரிந்தது. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. எங்கள் ஊரில் மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவார்கள். அந்த விடுதியில் டெக்கின் பன்னிரண்டு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு விளக்கு வைப்பது வருஷா வருஷம் வழக்கம். நான் மறந்திருந்தேன். மூன்றாவது, நாலாவது. நடுவரிசை முடிந்தது. முன்வரிசைக்கு வந்தது. டெக் பக்கம் ஓடினேன். மூலைக்காலின் அடியில் ஒரு கை தீக்குச்சியைப் பொத்திப் பிடித்திருந்தது. வளையல் தெரிந்தது. பன்னிரண்டாவது விளக்கும் எரிந்தது.

பச்சையம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். எத்தனை நேரமாக அங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். அஞ்சு மணியிலிருந்து என்றாள். திரி போட்டு, எண்ணெய் ஊற்றி, அரோகரா சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு அந்த மூலைக்காலுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தாளாம். எல்லோர் கண்ணும் மேலேயே இருந்ததால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நான் முரளி சாரை அதே மூலையில் ஏறி நிற்கச் சொல்லிச் சவால் விட்டபோது அவள் நேர்கீழே இருந்தாள். அவருக்கு ரோஷம் வந்து ஏறியிருந்தால்? நான் ஏணியைக்கூடச் சாத்தி வைத்திருந்தேன்.

"உள்ள எதுக்கு போன?" என்று கத்தினேன். அவளிடம் நான் கத்தினது அது ஒரு தடவைதான்.

"மேல ஏறக்கூடாதுன்னுதானேண்ணா சொன்னீங்க," என்றாள். "கீழ போவக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

போன மாதம் வீட்டுக்கு வந்த இன்ஜினீயரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. செல்போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். கால்களுக்கு நடுவே கொடியில் காயும் படுக்கை விரிப்புகளைக் காட்டி, இதைக் காயப்போடுவது யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மேலே எத்தனை பேர் நிற்பார்கள் என்று மட்டும் கணக்கு வைத்திருந்தார். இப்போதே போன் போட்டு அந்தக் கொடியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டச் சொல்லுங்கள், அதுவரை என் வீட்டை விட்டு நீங்கள் போக முடியாது என்றேன். அவர் போன் போட்டார். கொடி அவிழ்ந்துவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் என் மனைவி மறுபடி காபி கொண்டுவந்தாள்.